புதுப்பிப்பு: வள்ளம் கவிழ்ந்து அப்பாவை இழந்த 9ஆம் வகுப்பு மாணவன்

அவனுக்குத் தூக்கமில்லை, பள்ளிக்கும் வரவில்லை, என்ன செய்யலாம் என்று குளச்சல் பக்கத்திலிருந்து முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது "நடந்ததை மறைக்காதீர்கள்" என்ற யோசனை. வள்ளம் எப்படிக் கவிழ்ந்தது, உடல் எப்போது கிடைத்தது என்று தாய்மாமா பக்கத்தில் உட்கார்ந்து நேராகச் சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில். அவன் மனசில் ஓடிய காட்சிகள் உண்மையைவிடக் கொடூரமாக இருந்திருக்கின்றன. அன்றிலிருந்து தூக்கம் மெல்லத் திரும்பியது. பள்ளி முதல் வாரம் மதியம்வரை மட்டும். மூச்சு முட்டினால் கேட்காமலே வகுப்பைவிட்டு வெளியே போக ஓர் அனுமதி அட்டை.

எதிர்பாராதது: "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிள" என்ற உறவினர் பேச்சுதான் அவனை அதிகம் அழுத்தியது. அம்மா அதை நிறுத்தினார். முப்பதாம் நாள் திருப்பலியன்று தூக்கம் மறுபடி போய், இரண்டு நாளில் திரும்பியது.

கெட்ட கனவுகள் ஒரு மாதம் தாண்டினால் காத்திருக்க வேண்டாம்: அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.