டிசி-3 கிட்டில் பிடி-67 செய்கிறேன், மூக்கு குட்டையாகத் தெரிகிறது. எங்கே தப்பு?

கேட்டவர்:
வணக்கம். 1/72 அளவு டிசி-3 (பழைய இரட்டை பிஸ்டன் எஞ்சின் விமானம்) பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றை, அதே விமானத்துக்கு டர்போபிராப் (புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன்) எஞ்சின் பொருத்தி மாற்றிய பாஸ்லர் பிடி-67 ஆக மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனம் துருவ ஆய்வுக்கு ஓட்டும் போலார் 6 விமானத்தைத்தான் செய்ய ஆசை. பழைய வட்ட எஞ்சின் கூடுகளை அறுத்து எடுத்துவிட்டு நீளமான டர்போபிராப் கூடுகளை ஒட்டியாயிற்று. ஐந்து பிளேடு புரொப்பெல்லரும் தயார். ஆனால் பக்கவாட்டுப் படத்தோடு ஒப்பிட்டால் எஞ்சின் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு, மூக்கு குட்டையாக இருக்கிறது. கூட்டின் நீளத்தைக் குறைக்கவா?

பதில் 1:
கூட்டில் கை வைக்காதீங்க, அது சரியாத்தான் இருக்கு. நீங்க உடலை நீட்டலை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்கோஷில் இருக்கிற பாஸ்லர் பட்டறையில், இறக்கைக்கு முன்னால உடலை வெட்டி 40 அங்குலம் நீட்டுறாங்க. 1/72 அளவில் அது 14.1 மி.மீ. அறுக்கிறதுக்கு முன்னாடி உடலைச் சுத்தி டேப் ஒட்டிக்கோங்க, ரம்பம் கோணாது. இடைத்துண்டைத் தடித்த ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டில் அடுக்கி, உள்பக்கம் பட்டை வைத்து ஒட்டுங்க. இறக்கை நுனியும் டிசி-3 மாதிரி கூர்மையா வளைஞ்சிருக்காது, சதுரமா வெட்டின மாதிரி இருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி சார். எஞ்சினை மாற்றுவதற்கு உடலை ஏன் நீட்ட வேண்டும்?

பதில் 2:
எல்லாம் எடைதான் நண்பரே. டிசி-3ல பரவலா இருந்த ட்வின் வாஸ்ப் 14 சிலிண்டர் எஞ்சின், ஒவ்வொன்றும் 550 கிலோவுக்கு மேல். அந்த இடத்தில் வருகிற பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடி6ஏ-67ஆர் டர்போபிராப் எஞ்சின் அதில் பாதி எடைகூட இல்லை, சக்தியோ பழையதைவிடக் கூடுதல். முன்பக்கம் இலேசானால் ஈர்ப்பு மையம் வால் பக்கம் நகர்ந்துவிடும். வால் கனத்த விமானம் ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்தால், மீட்பது கஷ்டம். அதனால்தான் நீளக் கூடு வைத்து எஞ்சினை முன்னே தள்ளி, காக்பிட்டையும் முன்னே கொண்டுபோனார்கள். உள்ளே சரக்குக்கும் இடம் கூடியது. உங்கள் கண்ணுக்கு உறுத்தியது அந்தக் கணக்கின் ஒரு பாதி மட்டும் செய்யப்பட்டிருப்பதுதான்.

இன்னொரு லாபம் எரிபொருள். பிஸ்டன் எஞ்சினுக்கு வேண்டிய ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் துருவப் பகுதிகளில் கிடைப்பது அரிது, ஜெட் எரிபொருள் கிடைக்கும். 1956 அக்டோபர் 31 அன்று தென் துருவத்தில் முதன்முதலாகத் தரையிறங்கியதே இந்தக் குடும்பத்து விமானம்தான், அமெரிக்கக் கடற்படையின் ஆர்4டி. 1935ல் முதலில் பறந்த வடிவமைப்பு, இன்றும் அண்டார்டிகாவில் வேலை செய்கிறது. எனக்கு இதைவிடப் பிடித்த விமானம் கிடையாது!

கேட்டவர்:
இப்போது புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அறுக்கிறேன். பனியில் இறங்குவதற்கான ஸ்கீயை (சறுக்குப் பலகையை) எப்போது ஒட்டுவது?

பதில் 1:
கடைசியில. முதல்ல இடைத்துண்டு ஒட்டின இடத்துல புட்டி நல்லா காயட்டும், ஒரு ராத்திரி விடுங்க. அவசரப்பட்டு பிரைமர் அடிச்சா அந்தக் கோடு பெயின்ட்டுக்கு மேலயும் தெரியும்.