எல் கமினோ ரியால்: சில ஊர்களில் மட்டும் வேறு பெயரா?

கேள்வி:
கலிஃபோர்னியாவின் சன்னிவேலுக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. எல் கமினோ ரியால் சாலையிலேயே வடக்கே போனால் மவுண்டன் வியூ, பாலோ ஆல்டோ, ரெட்வுட் சிட்டி என்று ஊர்தான் மாறுகிறது, சாலையின் பெயர் அதேதான். தெற்கே ஸான் ஹோசேக்குள் போனால் மட்டும் வேறு வேறு பெயர்ப்பலகை. ஒரே சாலைதானா? 82 என்ற மாநில நெடுஞ்சாலை எண் எப்போது வந்தது?

பதில் 1:
ஒரே சாலைதான். ஸான் ஹோசேக்குள் மான்டரே ரோடு, அலமீடா. வடக்கே டேலி சிட்டியில் மிஷன் ஸ்ட்ரீட். ஒரு காலத்தில் யுஎஸ் 101 என்ற பெரிய நெடுஞ்சாலை இந்த வழியாகத்தான் போனது. வீடும் கடையும் சிக்னலும் பெருகி நெரிசல் தாங்காமல் போனதால் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா ஓரமாக பேஷோர் ஃப்ரீவே என்ற சிக்னல் இல்லாத விரைவுச் சாலை போட்டு 101ஐ அங்கே நகர்த்தினார்கள். 1964இல் மாநிலம் முழுக்க எண்களை மாற்றி அமைத்தபோது இதற்கு 82 வந்தது.

பதில் 2:
எல் கமினோ ரியால் என்ற பெயருக்கு ஸ்பானிய மொழியில் ராஜபாட்டை என்று பொருள். ஸ்பானியர்கள் மதம் பரப்ப அமைத்த மிஷன் தேவாலயங்களை இணைத்த வழி என்பார்கள். சான்டா கிளாரா மிஷன் 1777இல் தொடங்கியது. ஆனால் ஓரத்தில் தொங்குகிற மணிகளைப் பார்த்து அந்தக் காலத்தவை என்று ஏமாந்துவிடாதீர்கள், அவை 1906இலிருந்து வைக்கப்பட்டவை!

பதில் 3:
பர்லிங்கேம் பக்கம் போனால் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். இருபுறமும் வானுயர்ந்த யூகலிப்டஸ் வரிசை, வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டிலேயே இருக்கிறது. வேர் நடைபாதையைத் தூக்கிவிடுகிறது என்று புகார் சொல்பவர்களும் உண்டு, அதுவும் நியாயம்தான்.

கேள்வி கேட்டவர்:
சரி, சனிக்கிழமை காலை ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன். நன்றி!