கையில் பிடிக்கக்கூடிய பொருளுக்கு ஆங்கிலத்தில் எந்தப் பெயரடை?

ஈத்தாமொழி சிரட்டைக் குழு:
எங்கள் மகளிர் குழு சிரட்டையில் செய்யும் குங்குமச் சிமிழைக் கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். சிறிய தேங்காயாகப் பொறுக்கி, கண் இருக்கும் பக்கத்தை மூடியாக அறுத்து, மெத்தென்ற ஒற்றைக் கண்ணில் ஒரு குமிழைப் பொருத்துவோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேங்காயெண்ணெய் பூசினால் கருங்காலி போல மின்னும். உள்ளங்கையில் கச்சிதமாக உட்காரும். அதைத்தான் ஆங்கிலச் சீட்டில் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலி 'டேஞ்சிபிள்' என்கிறது. அச்சகத்தில் 'ஹோல்டபிள்' போதும் என்கிறார்கள். குழுவில் ஒரு தங்கை 'போர்ட்டபிள்'தான் சரி என்று பிடிவாதம் பிடிக்கிறாள். பனையோலை விசிறிக்கும் சீட்டு அடிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

தக்கலை, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:
மக்களே, செயலி சொன்னதை முதலில் விட்டுவிடு. 'டேஞ்சிபிள்' என்பது தொடுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தொட்டு உணர முடிந்தால் போதும், பிடிக்க முடிய வேண்டியதில்லை. கடலுக்குள் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையும் டேஞ்சிபிள்தான்! 'போர்ட்டபிள்' தூக்கிச் செல்வதைச் சொல்லும். 1989-இல் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் போர்ட்டபிள் என்று ஒரு கணினியை விற்றது. எடை 7 கிலோவுக்குச் சற்று மேல். அதே ஆண்டு நின்டெண்டோ வெளியிட்ட கேம் பாய் விளையாட்டுக் கருவிக்கோ 'ஹேண்ட்-ஹெல்ட்' என்ற சொல் வழங்கியது. கையில் பிடித்தபடியே பயன்படுத்தும் பொருளுக்கு உரிய சொல் அது. உன் விசிறிக்குப் பொருந்தும். சிமிழை மேசையில் வைத்தும் குங்குமம் எடுக்கலாம், அதனால் அதற்குப் பொருந்தாது. 'ஹோல்டபிள்' இலக்கணப் பிழையன்று. ஆனால் புழக்கத்தில் அரிது. கடையில் அதைப் படிப்பவர் ஒரு கணம் தயங்குவார். நாம் 'கைக்கு அடக்கமான' என்கிறோமே, அதற்கு நெருங்கி வருவது 'பாம்-சைஸ்டு'. சிமிழுக்கு அதை வைத்துக்கொள்.

மார்த்தாண்டம், ஏற்றுமதிப் பட்டியல் எழுதுபவன்:
ஐயா சொன்ன பிரிவு சரி. ஆனால் ஒரே கடையில் பனையோலை விசிறிக்குப் பக்கத்தில் சிமிழ் இருக்கப்போகிறது. 'பாம்' என்றால் உள்ளங்கையும் உண்டு, பனையும் உண்டு. தென்னையும் அந்த இனம்தான். விசிறிச் சீட்டில் 'பாம் லீஃப்', சிமிழ்ச் சீட்டில் 'பாம்-சைஸ்டு' என்று இருந்தால் வாங்குபவர் குழம்புவார். சிமிழுக்குப் பெயரடையைத் தேடாமல் 'ஃபிட்ஸ் இன் யுவர் ஹேண்ட்' என்று எழுதி, விட்டத்தைச் செ.மீ. கணக்கில் போடுங்கள் அக்கா. விசிறிக்கும் 'ஹேண்ட்-ஹெல்ட்' வேண்டாம். இணையத்தில் அப்படித் தேடினால் பேட்டரி விசிறிகள்தான் வரிசையாக வருகின்றன. 'பாம் லீஃப் ஹேண்ட் ஃபேன்' என்றால் யாருக்கும் ஐயம் வராது.

ஈத்தாமொழி சிரட்டைக் குழு:
பனை விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. நன்றி தம்பி. ஐயா, இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். பிளஸ் டூ படிக்கும் என் மகள் 'டெனபிள்' என்று ஒரு சொல்லை அகராதியில் காட்டுகிறாள். பிடித்து வைத்துக்கொள்ளத்தக்கது என்று பொருள் போட்டிருக்கிறதாம்.

தக்கலை, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:
அகராதியைத் திறந்து பார்க்கும் பிள்ளையாக வளர்த்திருக்கிறாய், எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வேர்ப்பொருள் அதுதான். ஆனால் கேள்விக்குத் தாக்குப்பிடிக்கும் வாதம், எதிரியிடம் விடாமல் காக்கக்கூடிய கோட்டை, இத்தனை ஆண்டுக்கு என்று வரையறுத்த பதவி, உதவித்தொகை இவற்றுக்கே 'டெனபிள்' வரும். சிமிழுக்கு வராது. மார்த்தாண்டத்துத் தம்பி சொன்னபடியே செய். அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு சீட்டின் வாசகத்தையும் இங்கே போடு, எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன்.