புதுப்பிப்பு: பெரியப்பாவின் பிரேதப் பரிசோதனை முழு அறிக்கை வந்துவிட்டது

பெரியப்பா தூக்கத்திலேயே இறந்ததையும், முதல் அறிக்கையில் மரணக் காரணம் 'நிலுவையில்' என்று மட்டும் இருந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். எதையாவது மறைக்கிறார்களா என்று சிலர் கேட்டீர்கள். அப்படி எதுவும் இல்லை. திசுக்களை நுண்ணோக்கியில் பார்க்கவும், ரத்தத்தில் நச்சு, மருந்து உண்டா என்று சோதிக்கவும் வாரக்கணக்கில்கூட ஆகும்.

இப்போது காரணம்: இதயத் தமனி அடைப்பு. விதம்: இயற்கை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். உயிரைப் பறித்த நோய் அல்லது காயம்தான் காரணம். இயற்கையா, விபத்தா, தற்கொலையா, கொலையா என்பது விதம்.

வீட்டில் எல்லோரையும் கலங்கடித்தது 'முதுகில் கருஞ்சிவப்பு நிறமாற்றம்' என்ற வரிதான். அடிபட்ட கன்றல் இல்லை அது. இதயம் நின்றதும் ரத்தம் ஈர்ப்பு விசையால் உடலின் கீழ்ப்பக்கம் தேங்கும். மல்லாந்து கிடந்தவருக்கு முதுகில்தான் தெரியும். படுக்கையில் அழுந்திய இடங்கள் மட்டும் வெளிறியிருக்கும். பயப்படும்படி எழுதியிருக்கிறார்களே என்று எனக்குக் கோபம்கூட வந்தது, ஆனால் அது உறவினருக்காக எழுதும் தாள் இல்லையே.

அப்புறம், 'இதயத் தசையில் புதிய சேதம் இல்லை' என்ற வரி. மாரடைப்பில் சட்டென்று இறந்தால் தசையில் மாற்றம் தெரிய அவகாசமே இருக்காது. தமனியின் அடைப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அண்ணன் தன் இதயத்தைப் பரிசோதிக்க நேரம் வாங்கியிருக்கிறான். அறிக்கையின் நகலையும் எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன்.