எல்லா ஷாட்டும் ஒன்றுதான், பயம் மட்டும் எங்கே போனது? ‘சைக்கோ’ 1960, 1998

கடைசிவரிசை:

முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன் என்பதால், ‘சைக்கோ’வை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து இந்தத் திரியைப் படிப்பது நல்லது.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960இல் எடுத்த படத்தையும், அதையே 1998இல் கஸ் வான் சான்ட் மறுபடியும் எடுத்த படத்தையும் அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் பார்த்தேன். ஒரு பழைய திகில் படத்தை ரீமேக் செய்பவர்கள் பொதுவாகக் கதையின் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றிவிடுவார்கள். நாமும் ‘அது வேறு, இது வேறு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இங்கே அப்படித் தப்பிக்க வழியில்லை. ஜோசப் ஸ்டெஃபானோ எழுதிய அதே திரைக்கதை, பெரும்பாலும் அதே வசனம், அதே கேமராக் கோணங்கள், பெர்னார்ட் ஹெர்மனின் அதே இசை. கண்ணில் படும்படி மாறியவை என்றால் வண்ணம், நடிகர்கள், கதாநாயகி மரியன் கிரேன் திருடும் தொகை (40,000 டாலர் 4,00,000 ஆகிவிட்டது), இன்னும் சில சில்லறை விஷயங்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் பழைய படத்தைப் பார்த்த இரவில் குளியலறைத் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். புதிய படத்தைப் பார்த்த இரவில் பாதியிலேயே கொட்டாவி வந்தது. முதல் முறை அதிர்ச்சி இருந்தது, இரண்டாம் முறை இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. ஏனென்றால் பழைய படத்தைப் பார்க்க உட்கார்ந்தபோதே மரியன் சாகப்போவதும் அவளைக் கொல்லும் அந்தத் தாய் யார் என்பதும் எனக்குத் தெரியும். படம் பார்க்காதவர்களுக்கும் தெரிந்துபோன ரகசியம் அது. தெரிந்தே பயந்தேன். அப்படியானால் அதே வரிசையில் அதே ஷாட்டுகளை அடுக்கியும் வராமல்போன பயம், பழைய படத்தில் எங்கே இருந்தது? கூர்ந்து பார்த்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஒட்டும்வெட்டும்:

படத்தொகுப்புதான் என் பிழைப்பு என்பதால் ஒரு திருத்தத்தோடு தொடங்குகிறேன். எல்லா ஷாட்டும் ஒன்று அல்ல. குளியலறைக் கொலையின் நடுவே வான் சான்ட் வானத்தில் ஓடும் மேகங்களைச் செருகியிருக்கிறார். துப்பறிவாளர் ஆர்போகாஸ்ட் மாடிப்படியில் கத்திக்குத்து வாங்கிப் பின்புறமாகச் சரியும்போது, கண்ணை மறைத்த ஒரு பெண்ணும் சாலையில் நிற்கும் ஒரு மாடும் நொடிப்பொழுது வந்துபோகிறார்கள். சாகிறவர்களின் மனத்தில் ஓடும் பிம்பங்கள் என்று விளக்கம் சொல்லலாம். விளக்கம் எனக்கு வேண்டாம். அந்த இடத்தில் வெட்டு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

ஹிட்ச்காக் அந்தக் குளியலறைக் காட்சிக்காக 1959 டிசம்பரில் ஏழு நாள் செலவழித்தார். கத்தி பாயும் பகுதி திரையில் ஒரு நிமிடம்கூட வராது. ஏழு நாள் உழைப்பும் ஒரே ஒரு காரியத்துக்காகத்தான்: பார்வையாளர் அந்தத் தொட்டியை விட்டு வெளியேறவே கூடாது. ஓடு, திரைச்சீலை, நீர்த்தாரை, கை, வாய், மறுபடியும் நீர்த்தாரை என்று கண்ணை எங்கே திருப்பினாலும் அதே நான்கடி இடத்துக்குள்ளேயே முட்டிக்கொண்டு திரும்புகிறோம். அங்கே மேகத்தைக் காட்டுவது ஜன்னல் இல்லாத அறையில் ஜன்னல் வைப்பதைப் போன்றது. கால் நொடிதான் என்றாலும் மூச்சு விட இடம் கிடைத்துவிடுகிறது. மூச்சு விட்டவர் பயப்படுவதில்லை.

வண்ணத்தையும் சில்லறை விஷயங்களோடு சேர்த்துவிட்டீர்கள், நான் சேர்க்கமாட்டேன். 1960இல் வண்ணப்படம் எடுப்பது அரிதான காரியமல்ல, ஹிட்ச்காக்கே அதற்கு முன் பல வண்ணப்படங்கள் எடுத்தவர். செலவைக் குறைக்கத் தம்முடைய தொலைக்காட்சித் தொடரின் குழுவை வைத்தே இதை எடுத்தார் என்பது ஒரு காரணம். சிவப்பு ரத்தம் தாங்க முடியாத அளவுக்குப் போய்விடும் என்பதும் ஒரு காரணம். வடிகாலில் சுழன்று இறங்குவது உண்மையில் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் அது கருமையாகத்தான் தெரியும், அதற்குச் சிவப்பு பூசுவது நம்முடைய மனம். புதிய படத்தில் அந்த வேலையைப் படமே செய்துவிடுகிறது. ‘சினிமா ரத்தம்’ என்று கண் உடனே தரம் பிரித்து ஒதுக்கியும் விடுகிறது.

நரம்பிசை:

இசையைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெர்மன் இந்தப் படத்துக்குத் தந்திக் கருவிகளை மட்டுமே பயன்படுத்தினார். முரசோ ஊதுகருவியோ கிடையாது. குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். ஹெர்மன் எழுதிக் காட்டிய பிறகு மனம் மாறினார். 1998இல் டேனி எல்ஃப்மன் அந்த இசைக்குறிப்பை மரியாதையோடு மறுபதிவு செய்திருக்கிறார், அதில் எனக்குக் குறையே இல்லை. கேள்வி கேட்ட நண்பருக்கு இதுவே ஒரு தடயம். பயம் முழுவதும் அந்த வயலின் கீறலில்தான் இருக்கிறது என்று பலரும் சொல்லி வந்தார்கள். கீறல் அப்படியே இருந்தும் பயம் வரவில்லையே.

மூன்றாம்மணி:

நான் புதிய படத்தைத்தான் முதலில் பார்த்தேன், அதுவும் கதை எதுவும் தெரியாமல். ஆகவே என் அனுபவம் உங்களுக்குப் பயன்படலாம். குளியலறையில் நன்றாகவே திடுக்கிட்டேன். எனவே மேகத்தின் மீது இவ்வளவு பழி போட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். படம் என்னைக் கைவிட்டது அதற்குப் பிறகுதான், சதுப்பு நிலத்தில்.

பிறகு பார்த்த பழைய படத்தில் அந்தக் காட்சி நினைவிருக்கும். மரியன் தங்கிய விடுதியை நடத்தும் நார்மன் பேட்ஸ் குளியலறையைக் கழுவித் துடைத்து, உடலைத் திரைச்சீலையில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்து, செய்தித்தாளுக்குள் பணம் இருப்பது தெரியாமல் அதையும் உள்ளே எறிந்து, காரைச் சேற்றுக்குள் தள்ளிவிடுகிறான். கரையில் நின்று வாயில் எதையோ மென்றபடி பார்க்கிறான். பாதிக்கு மேல் மூழ்கிய கார் சட்டென்று நின்றுவிடுகிறது. நார்மனாக நடித்த ஆந்தனி பெர்கின்ஸின் தாடையும் அதே கணத்தில் நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறார். அந்தச் சில நொடிகளில் நான் செய்தது எனக்கே அவமானமாக இருந்தது: ‘மூழ்கித் தொலையேன்’ என்று காரைப் பார்த்து முணுமுணுத்தேன். முக்கால் மணி நேரம் யாரோடு பயணம் செய்தேனோ அந்தப் பெண்ணின் உடல் அதற்குள் கிடக்கிறது. நான் அதை மறைப்பவனுக்காகப் பதறுகிறேன். கத்தியைக் கண்டு வந்த பயம் கத்தியோடு போய்விட்டது. என்னைப் பார்த்தே எனக்கு வந்த இந்தப் பயம் அப்படிப் போகவில்லை.

புதிய படத்தில் அந்தக் கட்சித் தாவல் எனக்கு நிகழவே இல்லை. அதில் நார்மனாக வரும் வின்ஸ் வான் உயரமும் அகலமுமான ஆள். மழையில் குடையோடு ஓடி வரும்போதே ‘இவனிடம் எச்சரிக்கையாக இரு’ என்று உடம்பு சொல்லிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், ராபர்ட் பிளாக் 1959இல் எழுதிய நாவலில் நார்மன் நடுத்தர வயதும் பருத்த உடலும் கொண்ட, குடிப்பழக்கமுள்ள ஆள். நாவலை வைத்துப் பார்த்தால் வின்ஸ் வான்தான் பொருத்தமானவர். அந்த ஆளை ஒல்லியான, கூச்சப்படும் இளைஞனாக மாற்றியது பழைய படம் மூலக்கதைக்குச் செய்த துரோகம். அந்தத் துரோகத்தில்தான் படமே நிற்கிறது.

சுவர்த்துளை வழியாக நார்மன் மரியனைப் பார்க்கும் இடத்தையும் கவனியுங்கள். பழைய படத்தில் பக்கவாட்டில் ஒரு கண் மட்டும் தெரிகிறது, அதன் மீது ஒளி விழுகிறது, வேறு ஒன்றும் இல்லை. புதிய படத்தில் அவன் என்ன செய்துகொண்டு பார்க்கிறான் என்பதை ஒலியால் தெளிவாகவே சொல்லிவிடுகிறார்கள். அந்த நொடியில் அவன் ‘அந்த மாதிரி ஆள்’ ஆகிவிடுகிறான். அந்த மாதிரி ஆளின் கார் மூழ்கினால் என்ன, மிதந்தால் என்ன?

ஒரே கோணத்தில் கேமராவை வைத்தால் ஒரே ஷாட் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு பதிலும் பழைய படத்திலேயே உண்டு. ஆர்போகாஸ்ட் விருந்தினர் பதிவேட்டைப் புரட்டும்போது நார்மன் மேசைக்கு மேல் எட்டிக் குனிகிறான். கேமரா கீழேயிருந்து அவன் கழுத்தைப் பார்க்கிறது. பெர்கின்ஸின் நீண்ட கழுத்தும் மென்று விழுங்கும்போது அசையும் தொண்டையும் தானியம் கொத்தும் பறவையைப் போலவே இருக்கின்றன. சுவர் நிறையப் பாடம் செய்த பறவைகளை மாட்டி வைத்திருப்பவனும் ஒரு பறவையாகிறான். கோணத்தை நகல் எடுக்கலாம், கழுத்தை எங்கே போய் நகல் எடுப்பது?

எதிர்க்கட்சி:

எல்லாரும் சேர்ந்து அடிக்கும்போது ஒருவராவது பரிந்து பேச வேண்டாமா? தொடக்கத்தில் ஃபீனிக்ஸ் நகரத்தின் மேல் மிதந்து வந்து ஒரு விடுதி ஜன்னலுக்குள் கேமரா நுழைகிறதே, அதை ஒரே தொடர்ச்சியான வான்வழி ஷாட்டாக எடுக்கத்தான் ஹிட்ச்காக் விரும்பினார். அன்றைய ஹெலிகாப்டர் படப்பிடிப்பில் அது சரிவராததால் துண்டுகளை இணைத்துச் சமாளித்தார். வான் சான்ட் அதை நிறைவேற்றிக் காட்டியிருக்கிறார். அந்த ஒன்றில் புதிய படம்தான் மேல் என்று வெளிப்படையாகச் சொல்கிறேன்.

படம் தோற்றதற்கு நடிகரைவிடக் காலத்தைத்தான் நான் காரணமாகச் சொல்வேன். 1960இல் மணமாகாத இருவர் மதிய இடைவேளையில் விடுதி அறையில் இருப்பதே மானக்கேடான காரியம். கழிப்பறையில் தண்ணீர் இழுத்துவிடுவதைக் காட்டுவதே துணிச்சல். காதலனின் கடன் தீர்ந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் மரியாதை என்ற நெருக்கடியில் மரியன் பணத்தை எடுக்கிறாள். அந்த வெட்கத்தை நீக்கிவிட்டு 1998இல் அதே வசனத்தைப் பேசவைத்தால், அவள் ஏன் இவ்வளவு தவிக்கிறாள் என்பதே புரிவதில்லை. முதல் முக்கால் மணி நேரம் இப்படி வெறுமையாகிவிட்ட பிறகு கொலை மட்டும் எப்படிக் கனக்கும்?

இருந்தாலும் இந்தப் படம் எடுக்கப்பட்டிராவிட்டால் நாம் இந்த விவாதத்தையே செய்துகொண்டிருக்க மாட்டோம். தோற்ற பரிசோதனையும் பரிசோதனைதானே.

கடைசிவரிசை:

அனைவருக்கும் நன்றி. இங்கே சொன்னவற்றை வைத்துக்கொண்டு நேற்று இரவு இரண்டு சோதனைகள் செய்து பார்த்தேன்.

முதலாவது, தொலைக்காட்சியில் வண்ண அளவைச் சுழியத்துக்குக் குறைத்துவிட்டுப் புதிய படத்தின் குளியலறைக் காட்சியை ஓட்டினேன். ஒட்டும்வெட்டும் சொன்னது பாதி சரி. ரத்தம் கருத்ததும் காட்சி கொஞ்சம் இறுகத்தான் செய்தது. ஆனால் மேகம் வந்ததும் அவர் சொன்னபடியே நெகிழ்ந்துவிட்டது. வண்ணத்துக்காக ஒளியமைத்த படம் என்பதால் மற்ற காட்சிகள் சாம்பல் பூசியதுபோல் கிடந்தன. அந்தக் குறையைப் படத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இரண்டாவது, ஒலியை முழுதாக நிறுத்திவிட்டுச் சதுப்பு நிலக் காட்சியை இரண்டு படங்களிலும் மாற்றி மாற்றி மூன்று முறை பார்த்தேன். கார் இறங்குவதும், நிற்பதும், அவன் சுற்றிலும் பார்ப்பதும், மறுபடியும் இறங்குவதும் ஏறத்தாழ ஒரே தாளத்தில்தான் இருக்கின்றன. மூன்றாம் முறையில்தான் என் கண் எங்கே போகிறது என்பதைக் கவனித்தேன். பழைய படத்தில் கார் திரையில் இருக்கும் நேரமெல்லாம் அடுத்து பெர்கின்ஸின் முகம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். புதிய படத்தில் வின்ஸ் வானின் முகம் வரும்போதெல்லாம் காரைக் காட்டமாட்டார்களா என்று இருந்தது.