டிரையர் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை. எதைப் பார்ப்பது?

மலர், சுங்கை சிப்புட்:
வணக்கம். எங்களுடையது 7 கிலோ டிரையர், பின்னால் பைப் வைத்துக் காற்றை வெளியே தள்ளும் வகை. கொஞ்ச நாளாகத் துணி காய ரொம்ப நேரம் எடுத்தது. இப்போது டிரம் சுற்றுகிறது, சூடே கிடையாது. வீட்டுக்காரருக்குச் செம்பனை மில்லில் வேலை. அந்தத் தடித்த ஓவரால், சாயங்காலம் மழை பிடித்துவிட்டால் கொடியில் மறுநாளும் ஈரமாகத்தான் கிடக்கும். பார்க்க வந்தவர், "உள்ளே பியூஸ் போய்விட்டது, வயரை நேராகச் சேர்த்துவிட்டால் ஓடும்" என்றார். மனசு ஒப்பவில்லை, வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். வேறு என்ன செய்யலாம்?

டோபிக்கடை அக்கா:
பஞ்சு பிடிக்கும் பில்டரை ஒவ்வொரு தடவையும் எடுத்துச் சுத்தம் செய்கிறீர்களாம்மா? துணி மென்மையாக்கும் திரவம் போட்டால் அந்த வலையில் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு படியும். குழாயடியில் பிடித்துப் பாருங்கள்; தண்ணீர் இறங்காமல் நின்றால் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

பழைய வயர்மேன்:
தங்கச்சி, அவரை அனுப்பியது ரொம்பச் சரி. அந்த பியூஸ் சும்மா போகாது. காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே சூடு ஏறினால், தீப்பிடிக்காமல் இருக்கத் தன்னை அறுத்துக்கொள்வதுதான் அதன் வேலை. நேராகச் சேர்த்துவிட்டால், பஞ்சும் சூடும் நிறைந்த பெட்டிக்குக் காவல் இல்லாமல் போகும். இதைச் செய்து கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பைப்பைப் பின்னாலிருந்து உருவி, சுவருக்கு வெளியே அது முடிகிற இடம் வரை பாருங்கள். காய நேரம் எடுத்தது, அப்புறம் சூடே நின்றது என்கிறீர்கள். அடைப்பு என்றால் இந்த வரிசையில்தான் வரும்.

அடுத்தது, நம்பிக்கையான வயர்மேனிடம் மீட்டரால் சோதிக்கச் சொல்லுங்கள். பியூஸின் ஒரு பக்க வயரைக் கழற்றிவிட்டு இரண்டு முனையிலும் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் அது போய்விட்டது. ஹீட்டர் கம்பிச்சுருள் 2000 வாட் என்றால், நம் 240 வோல்ட்டுக்குச் சுமார் 29 ஓம். சுருளுக்கும் தகரப் பெட்டிக்கும் இடையே இணைப்பே இருக்கக் கூடாது. புது பியூஸ் அதே மாடலுக்கு உரியதாக, அதே வெப்ப அளவு அச்சிட்டதாக இருக்க வேண்டும். பக்கத்தில் சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

இன்னொன்று, டிரையரை நீட்டிப்பு வயரில் போடாதீர்கள். 2000 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக்கில் நேராகச் சொருகுங்கள். பிளக் பழுப்பேறியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

மலர், சுங்கை சிப்புட்:
அண்ணே, நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருந்தது! பில்டர் சுத்தம், தண்ணீர் நன்றாக இறங்குகிறது. ஆனால் சுவருக்கு வெளியே பைப் வாயில், பல்லி நுழையாமல் இருக்கக் குத்தகைக்காரர் அடித்த கொசுவலை. அதன் உள்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு, ஈரம் பட்டு, விரலால் உரித்தால் கம்பளித் துண்டாகக் கழன்று வந்தது. நீல ஓவரால் நூலும் அதில் பின்னிக்கிடந்தது. வயர்மேன் தம்பி வந்து பார்த்தார். பியூஸ் போயிருக்கிறது, ஹீட்டர் 28 ஓம் காட்டுகிறது. வலையை எடுத்துவிட்டால் பல்லிக்கு என்ன செய்வது?

பழைய வயர்மேன்:
அப்போது ஹீட்டர் நல்லா இருக்கிறது, பியூஸும் தெர்மோஸ்டாட்டும் போதும். வலையை எடுத்துவிடுங்கள். காற்று வந்தால் திறந்து, நின்றால் தானே மூடிக்கொள்ளும் மூடி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், பல்லிக்கு அது போதும். பைப்பும் பிளாஸ்டிக் என்றால் அலுமினியத்துக்கு மாற்றுங்கள், வளைவு குறைவாக, நசுங்காமல். மாட்டியதும் துணி போடாமல் ஓடவிட்டு, வெளியே மூடி நன்றாகத் திறந்து காற்று கையில் அடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஓவராலை இன்னொரு முறை ஸ்பின் போட்டுப் பிழிந்துவிட்டு உள்ளே போடுங்கள், அரை டிரம்முக்கு மேல் வேண்டாம்.