மறு: 'சைட் கிரேடிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஊர்ப்புறத்தில் வீடு கட்டுவோருக்கான மண்வேலைக் கையேட்டில் 'சைட் கிரேடிங்' (மழைநீர் வீட்டை விட்டு விலகி ஓடும்படி மனைத் தரைக்கு இறக்கம் கொடுக்கும் வேலை) பகுதிக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. இதுவரை வந்த மடல்களைப் படித்தேன். என் பரிந்துரை 'மனைவாட்டம்'. வினையாகச் சொன்னால் 'வாட்டம் கொடுத்தல்'. இந்த இடத்தில் சொல் தவறினால் வேலையும் தவறிவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> 'நிலச் சமனாக்கம்' எல்லோருக்கும் புரியும். அதையே வைத்துக்கொள்ளலாமே?

புரியும்தான் ஐயா, ஆனால் அதில் புரிவது வேறொரு வேலை. ஜேசிபி ஓட்டுநரிடம் "இடத்தைச் சமன் பண்ணுங்க" என்றால் மேட்டை வழித்துப் பள்ளத்தில் தள்ளி, மனை முழுவதையும் ஒரே மட்டமாக்கிக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் மேல் தவறில்லை, நாம் சொன்னது அதைத்தான். கிரேடிங் என்பது கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிரானது. வீட்டைச் சுற்றியுள்ள தரை சுவரிலிருந்து வெளியே போகப் போகத் தாழ வேண்டும். அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு இதற்கு அளவே தருகிறது: சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் தரை குறைந்தது 6 அங்குலம் இறங்க வேண்டும். நூற்றுக்கு 5 என்ற கணக்கு.

நம் ஊரில் இது எங்கே அதிகம் உறைக்கும் என்றால், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சமமான தரையில் மழைநீர் சுவரோரமே தேங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் ஊறி உப்பும்போது அஸ்திவாரத்தை அந்தப் பக்கம் தூக்குகிறது, அப்புறம் ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக விரிசல் கிளம்புகிறது. 'சமனாக்கம்' என்று கையேட்டில் அச்சிட்டால் இந்த விரிசலுக்கு நாமே வழி சொன்னதாகும்.

> அகராதிகளில் 'தரப்படுத்தல்' என்று இருக்கிறது.

அது மதிப்பெண்ணுக்கும் பருத்திக்கும் உரிய சொல். இங்கே கிரேடு என்பது தரையின் ஏற்ற இறக்கம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மண்ணியலிலேயே 'வெல் கிரேடட்' சரளை என்றொரு வழக்கு உண்டு. பெரிய கல், சிறு கல், மணல், தூள் எல்லா அளவும் கலந்திருப்பதால் நன்றாக இறுகும் சரளை அது. அதற்கு 'பல்லளவுச் சரளை' என்று தனியே வைத்துவிட்டால் இரண்டு பொருளும் ஒன்றோடொன்று மோதாது.

> 'சரிவமைத்தல்' பொருத்தமாகத் தோன்றுகிறது.

எனக்கும் முதலில் பிடித்த சொல் இதுதான். ஆனால் இது தோண்டும் வேலையைப் பற்றிய கையேடு. குழியின் பக்கச் சுவர் இடிந்து ஆள் மேல் விழுவதையும் மண் சரிவு என்றுதான் எழுதுகிறோம். 'மண்சரிவைத் தடுக்கவும்' என்று ஒரு பக்கத்திலும் 'மண்ணைச் சரிவாக்கவும்' என்று அடுத்த பக்கத்திலும் வந்தால், உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை நீர்த்துப்போகும். 'சரிவு' என்ற சொல்லை ஆபத்துக்கு மட்டும் விட்டுவைப்போம். கணக்கில் வரும் விகிதத்துக்குச் 'சாய்வு' போதும்.

சரி, வாட்டத்துக்கு வருகிறேன். இது நாம் உருவாக்க வேண்டிய சொல்லே இல்லை. மொட்டை மாடியில் ஓடு பதிக்கும்போதும் குளியலறைத் தரை போடும்போதும் கொத்தனார் கேட்கிற முதல் கேள்வியே "வாட்டம் எந்தப் பக்கம்?" என்பதுதான். தண்ணீர் ஓடுவதற்காக வேண்டுமென்றே கொடுக்கும் இறக்கம் என்ற பொருள் அதில் முழுமையாக இருக்கிறது. தற்செயலாக அமைந்த மேடுபள்ளத்தை யாரும் வாட்டம் என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லை மாடியிலிருந்து மனைக்கு இறக்குகிறோம், அவ்வளவுதான்.

இதில் ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. தண்ணீர் தப்பான பக்கம் ஓடினால் அதை 'எதிர்வாட்டம்' என்று வேலையாட்களே சொல்வார்கள். ஊர்ப்புற வீடுகளில் அடிக்கடி நேர்வது இதுதான். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய வானத்தில் (குழியில்) சுவர் எழும்பியதும், பக்கத்தில் கிடக்கும் மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளி மூடிவிடுகிறார்கள். ஒரு மழைக்காலம் போனால் அந்தத் தளர்ந்த மண் அமுங்கி, சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் போலாகிவிடும். முற்றத்துத் தண்ணீர் எல்லாம் வீட்டை நோக்கி வரும். கட்டி முடித்த அன்று வாட்டம் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆகவே இந்தப் பகுதியில் எதிர்வாட்டத்துக்கென்று தனிப் பத்தி ஒன்று வேண்டும்.

> வாட்டம் என்றால் வாடுதல் அல்லவா? முகவாட்டம், பயிர் வாட்டம்?

ஆமாம், ஆனால் 'மனைவாட்டம்' என்று சேர்த்துச் சொல்லும்போது யாருக்கும் அந்தப் பொருள் வராது. 'படி' என்ற சொல்லை ஏறுவதற்கும் அளப்பதற்கும் குழப்பமில்லாமல்தானே வைத்திருக்கிறோம்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'கட் அண்ட் ஃபில்' (மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவது) – வெட்டுநிரப்பு. 'பேக்ஃபில்' (சுவர் எழும்பியபின் குழியை மண்ணிட்டு மூடுவது) – மீள்நிரப்பு. முதலில் தோராயமாகக் கொடுக்கும் வாட்டம் 'முதல்வாட்டம்', கடைசியில் மேல்மண் பரப்பிக் கொடுப்பது 'முடிவாட்டம்'. 'கம்பாக்‌ஷன்' என்பதற்கு 'இறுக்கம்' பொதுச்சொல்லாக இருக்கட்டும், கட்டையால் இடித்துக் கையால் செய்வதைத் 'திமிசு போடுதல்' என்றே எழுதலாம், அந்தக் கட்டையை இன்னும் பல ஊர்களில் காணலாம். மண்ணை யூனிட் கணக்கில்தான் வாங்குகிறோம், ஒரு யூனிட் 100 கன அடி. ஆனால் டிப்பரில் வரும் உதிரி மண் இறுகியபின் அளவில் குறைந்துவிடும். எனவே 'உதிரி அளவு', 'இறுகிய அளவு' என்று இரண்டு சொற்கள் கட்டாயம் தேவை. இல்லாவிட்டால் வீட்டுக்காரருக்கும் மண் அடிப்பவருக்கும் சண்டைதான்.

சொற்கள் நடையில் ஒட்டுகின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"வானம் தோண்டும் முன் மேல்மண்ணை அரையடி ஆழத்துக்கு வழித்துத் தனியே குவிக்கவும். வேரும் தழையும் கலந்த அந்த மண்ணை மீள்நிரப்புக்குப் பயன்படுத்தக் கூடாது, மக்கிப்போய் அமுங்கும். சுவரோரத்தை அரையடி அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் அளவாக நனைத்துத் திமிசு போடவும். தரைமட்டத்தைச் சுவரில் குறிக்கவும். 10 அடி தள்ளி ஒரு முளை அடித்து, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து அதே மட்டத்தை அதில் குறிக்கவும். அங்கிருந்து 6 அங்குலம் கீழே இறங்கி மறு குறி போடவும். சுவரில் உள்ள குறிக்கும் முளையில் உள்ள இந்தக் கீழ்க்குறிக்கும் இடையே முதல்வாட்டம் கொடுக்கவும். வேலையெல்லாம் முடிந்தபின் மேல்மண்ணைப் பரப்பி முடிவாட்டம் கொடுக்கவும். முதல் மழைக்காலம் கழிந்ததும் எதிர்வாட்டம் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, அமுங்கிய இடத்தில் மண்ணிட்டு இறுக்கவும்."

'முடிவாட்டம்' மட்டும் எனக்கு இன்னும் முழுத் திருப்தி தரவில்லை. 'கடைவாட்டம்' என்றும் யோசித்தேன், அஸ்திவாரத்தைக் குறிக்கும் 'கடைக்கால்' என்ற சொல்லோடு குழம்பிவிடும் என்று விட்டுவிட்டேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். ஈழத்து நண்பர்கள் தங்கள் பக்கத்து மேசன்மார் வாட்டத்துக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் அதையும் பக்கத்தில் சேர்த்து அச்சிடலாம்.

அன்புடன்.